உஷார்! கமேலியாவின் அடியில் உதிர்ந்த பூவை விட்டுவைக்காதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் கமேலியா வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். செடியருகே போய்க் குனிந்து, அடியில் கிடக்கும் பூக்களில் பழுப்பேறியதாக ஒன்றை எடுங்கள். காம்புப் பக்கம் பச்சையாக ஒட்டியிருக்கும் புல்லிவட்டத்தைப் பிய்த்துவிட்டு இதழ்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பஞ்சு போன்ற ஒரு வளையம் தெரிந்தால், உங்கள் தோட்டத்துக்குள் இதழ்க்கருகல் நோய் வந்துவிட்டது. அந்தப் பூவை மறுபடியும் தரையில் போட்டுவிடாதீர்கள். பையில் போட்டுக் கட்டுங்கள்.

ஒரு பூ கருகியதற்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்கலாம். பதறத்தான் வேண்டும். இந்த நோய் ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர் கடையில் வாங்கி அடித்து ஒழித்துவிடக்கூடிய மருந்து இதற்கு இல்லை. செடி சாகாது, இலை வாடாது. ஆனால் வருடம் முழுக்க எந்தப் பூவுக்காக அந்தச் செடியை வளர்க்கிறோமோ அந்தப் பூ மட்டும், மலர்ந்த ஓரிரு நாளிலேயே காப்பி நிறமாகி அழுகிவிடும். அடுத்த ஆண்டும் அப்படியே, அதற்கடுத்த ஆண்டும் அப்படியே.

லண்டனிலும், நியூஸிலாந்திலும், அமெரிக்காவின் ஜார்ஜியா, கரோலினா, கலிஃபோர்னியா பக்கங்களிலும் சொந்த வீடு வாங்கி, தோட்டம் போட்டு வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். வீட்டோடு சேர்ந்தே அவர்களுக்குக் கமேலியாவும் வந்துவிடுகிறது, முன்பிருந்தவர்கள் நட்டுவிட்டுப் போனதாக. பளபளக்கும் கரும்பச்சை இலை, எந்தப் பருவத்திலும் உதிராத பசுமை, குளிர் விலகுமுன்பே ரோஜாவைப் போல அடுக்கடுக்காகப் பூ. ஜப்பான், சீனா, கொரியா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி நமக்கு அந்நியமும் அல்ல. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தேயிலை, கமேலியா இனத்தின் நெருங்கிய உறவு. தாவரவியலில் அதன் பெயரே கமேலியா சைனென்சிஸ்தான். இவ்வளவு உறவிருந்தும், இந்தச் செடியை எப்படிக் காப்பது என்று தமிழில் எச்சரிக்கை சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோய் எப்படிச் சுற்றிவருகிறது?

எதிரி ஒரு பூஞ்சை. சிபோரினியா கமேலியே என்று பெயர். 1919-ல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. 1938-ல் கலிஃபோர்னியாவில் தலைகாட்டியது. 1993-ல் நியூஸிலாந்திலும், 1990-களின் இறுதியில் ஐரோப்பாவிலும், 1999-ல் பிரிட்டனிலும் கண்டறியப்பட்டது. கடல் கடந்து கண்டம் கண்டமாகப் போன இந்தப் பூஞ்சைக்குச் செடி வியாபாரம்தான் பெரிய வாகனம். தொட்டி மண்ணில் ஒளிந்தும், பூவோடும் மொட்டோடும் ஒட்டியும் அது பயணம் செய்யும்.

அதன் வாழ்க்கைச் சுற்றைப் புரிந்துகொண்டால் எங்கே அடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். குளிர்காலத்தின் கடைசியில், மண் ஈரமாக இருக்கும்போது, செடியடியில் சின்னஞ்சிறு பழுப்புக் காளான்கள் முளைக்கின்றன. குடைபோல அல்ல, கிண்ணம்போல இருக்கும். அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான்; சருகுக்கிடையே கண்ணில் படுவதே அரிது. அந்தக் கிண்ணங்களிலிருந்து கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் கிளம்பும். கிலோமீட்டர் கணக்கில் பறந்துபோய், ஈரமான கமேலியா இதழில் உட்கார்ந்த உடனே வேலையைத் தொடங்கிவிடும். இதழில் சிறு பழுப்புப் புள்ளி தோன்றும், அது பரவும், நரம்புகள் மட்டும் இன்னும் கருத்து வலைபோலத் தெரியும். இரண்டு மூன்று நாளில் பூ முழுக்கப் பழுப்பு. பிறகு அது அப்படியே முழுசாகக் கீழே விழும்.

கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. விழுந்த பூவின் அடிப்பகுதியில் பூஞ்சை கறுத்து, இறுகி, கெட்டியான ஒரு கட்டியாக மாறுகிறது. பூவின் இதழ்கள் மக்கிப்போகும். அந்தக் கரிய கட்டி மக்காது. மழையையும் பனியையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடந்து, அடுத்த ஆண்டு பூக்கும் பருவம் பார்த்து அதுவே கிண்ணக் காளானாக முளைக்கும். எல்லாக் கட்டிகளும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. சில அடுத்த ஆண்டு, சில மூன்றாம் ஆண்டு, சில அதற்கும் பிறகு. ஆகவே ஒரு வசந்தத்தில் நாம் பெருக்காமல் விட்ட பூக்களுக்குப் பல வசந்தங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. இந்தப் பூஞ்சை ஒரே பருவத்துக்குள் பூவிலிருந்து பூவுக்குத் தாவுவதில்லை. தரையிலிருந்து கிளம்பும் வித்துதான் ஒவ்வொரு பூவையும் தாக்குகிறது. ஆண்டுக்கு ஒரே சுற்று. அந்தச் சுற்று நிறைவேற, நோயுற்ற பூ கட்டாயம் மண்ணில் கிடந்தாக வேண்டும். அதைக் கிடக்க விடாமல் செய்வது நம் கையில் இருக்கிறது.

பூஜைப் பூவும் குப்பைக்குழியும்

நம் வீடுகளில் உள்ள இரண்டு வழக்கங்கள் இந்த நோய்க்கு நேரடியாக உதவுகின்றன. மனம் புண்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமிக்குச் சாற்றிய பூவை மறுநாள் குப்பையில் போட மனம் வராது. கால் படாத இடமாகப் பார்த்துச் செடியடியில் கொட்டுவோம். துளசிக்கும் செம்பருத்திக்கும் அது நல்ல வழக்கம். கமேலியாவுக்கு ஆபத்து. பறிக்கும்போது நன்றாகத் தெரிந்த பூவுக்குள்ளேயே நோய் புகுந்திருக்கும். ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அந்தப் பூவைத் திரும்பக் கொண்டுபோய் அதே செடியடியில் போட்டால் நோய்க்கு நாமே விதை போட்டதாகிவிடும். கமேலியாவைப் பூஜைக்கு வைப்பவர்கள் அந்தப் பூக்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். தோட்டத்தில் கமேலியா இல்லாத மூலையில் முழங்கை ஆழத்துக்குக் குழிவெட்டிப் புதைத்துவிட்டால் மரியாதையும் கெடாது, நோயும் பரவாது.

இரண்டாவது வழக்கம், உதிர்ந்த பூவையெல்லாம் வீட்டு எருக்குழியில் போடுவது. வீட்டுக் கொல்லையில் நாம் போடும் மக்கு எரு, அந்தக் கரிய கட்டியைச் சாகடிக்கிற அளவுக்குச் சூடேறாது. அந்த எருவை அடுத்த ஆண்டு ரோஜாவுக்கும் கமேலியாவுக்கும் சேர்த்துப் போடும்போது நோயையும் சேர்த்துப் பரப்புகிறோம். இங்கிலாந்தில் இருப்பவர்கள் கவுன்சில் எடுத்துச் செல்லும் தோட்டக்கழிவுத் தொட்டியில் போடலாம். அங்கே பெரிய அளவில் குவித்து உயர்ந்த வெப்பத்தில் மக்க வைக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், எரிக்க அனுமதி உண்டென்றால் எரியுங்கள்; இல்லையென்றால் ஆழப் புதையுங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் நண்பர் வீட்டுக்கும் பூக்கொத்தாகக் கொடுப்பதையும் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அவர்கள் தோட்டத்திலும் கமேலியா இருந்தால், வாடிய கொத்து அங்கே போய் விழும். அன்பாகக் கொடுத்த பூ அவர்கள் மண்ணைக் கெடுத்துவிடக் கூடாது.

தவறாகப் பயப்படவும் வேண்டாம்

பழுப்பான பூவெல்லாம் இந்த நோய் அல்ல. உறைபனி பட்டாலும் இதழ் பழுப்பாகும். அது பெரும்பாலும் வெளி இதழ்களில், ஓரத்தில், காய்ந்தாற்போல இருக்கும். இதழ்க்கருகலோ இதழின் நடுவில் புள்ளியாகத் தொடங்கி வெளியே பரவும், தொட்டால் ஈரமாக இருக்கும். சாதாரண சாம்பல் பூசணம் வந்தால் பூவின் மேலெங்கும் தூசிபோலச் சாம்பல் நிறம் படியும். இதழ்க்கருகலில் பூவின் மேற்பரப்பில் அப்படித் தூசி இருக்காது. அடிப்பகுதியில் வளையம் மட்டும் இருக்கும். சந்தேகம் வந்தால் புல்லிவட்டத்தைப் பிய்த்துப் பாருங்கள். அந்த ஒரு சோதனை போதும்.

மொட்டு மலராமலே பொலபொலவென்று கொட்டினால் அதுவும் வேறு கதை. அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் முந்தைய கோடையின் பிற்பகுதியிலேயே உருவாகிவிடுகின்றன. பிரிட்டனில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேர் காய்ந்துவிட்டால், பாதிப்பு பிப்ரவரியில்தான் கண்ணுக்குத் தெரியும். அதுபோல, கிழக்கு நோக்கிய சுவரோரம் செடி இருந்தால், இரவெல்லாம் உறைந்த மொட்டின்மேல் காலை வெயில் நேரே விழுந்து மொட்டைக் கெடுத்துவிடும். இதையெல்லாம் நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் பணத்தையும் தோட்டத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இலையில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு வைரஸ். செடியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இளந்தளிர் மட்டும் தடித்து, ஊதி, வெளிறினால் அது எக்ஸோபேசிடியம் என்ற வேறொரு பூஞ்சையின் வேலை. வீங்கிய தளிரின் அடிப்புறம் வெள்ளையாவதற்குள் கிள்ளி எடுத்துவிட்டால் அடங்கிவிடும். வெள்ளையாகிவிட்டால் வித்துகள் கிளம்பிவிட்டன என்று அர்த்தம்.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரிது

இதழ்க்கருகல் நம் தோட்டத்துப் பூவைக் கெடுப்பதோடு நிற்கும். இன்னொரு நோய் நம் தோட்டத்திலிருந்து கிளம்பிக் காட்டையே அழிக்கும். அதன் பெயர் ஃபைடாஃப்தோரா ரமோரம்.

1990-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் கடலோரக் காடுகளில் ஓக் மரங்களும் டான்-ஓக் மரங்களும் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. காரணம் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. மரங்களைக் கொன்ற இதே கிருமி, கமேலியா, ரோடோடென்ட்ரான் போன்ற தோட்டச் செடிகளின் இலைகளிலும் வாழ்கிறது என்பது தெரியவந்தபோது நர்சரி உலகமே அதிர்ந்தது. 2004-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய நர்சரியின் கமேலியாச் செடிகளில் இந்த நோய் கண்டறியப்பட்டது. அதற்குள் அங்கிருந்து செடிகள் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றைத் தேடிப்பிடித்து அழிப்பதற்கு அரசு அதிகாரிகள் நாடெங்கும் அலைய வேண்டியிருந்தது.

பிரிட்டனில் 2002-லேயே இது நுழைந்துவிட்டது. 2009-ல் இங்கிலாந்தின் தென்மேற்கில் ஜப்பானிய லார்ச் மரங்களைத் தாக்கியது. அதன்பின் நோய் பரவாமல் தடுப்பதற்காக லட்சக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டித் தள்ளினார்கள்.

இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். கமேலியாவில் இந்த நோய் வந்தால் செடி பெரும்பாலும் சாவதில்லை. இலையின் நுனியிலோ ஓரத்திலோ கரும்பழுப்பாகத் திட்டு விழும், கீழ்ப்பகுதி இலைகள் உதிரும், அவ்வளவுதான். வெயிலில் கருகியிருக்கும் என்று நாம் விட்டுவிடுவோம். அந்த இலையிலிருந்து மழைத்துளியோடு வித்துகள் தெறித்துக்கொண்டே இருக்கும். செருப்பு அடியில் ஒட்டிய சேறு போதும், அது வேறொரு தோட்டத்துக்கோ பக்கத்துக் காட்டுப்பாதைக்கோ போய்விடும். எனவே சந்தேகப்படும் இலைகளைக் கண்டால் கவாத்துச் செய்து அக்கம்பக்கம் வீசாதீர்கள். படம் எடுத்து, அந்தந்த நாட்டுத் தாவர நலத்துறைக்குத் தெரிவியுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசு நேரடியாகக் கண்காணிக்கும் நோய் இது. தெரிவிப்பது நமக்கு வம்பல்ல, கடமை.

அதே குடும்பத்தில் ஃபைடாஃப்தோரா சின்னமோமி என்று இன்னொன்று. இது வேரை அழுக வைக்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில், வடிகால் இல்லாத தொட்டியில் இதற்குக் கொண்டாட்டம். இலை மஞ்சளாகும், செடி வாடும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், சாவு விரைவாகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கமேலியா ஜப்பானிகா ரகங்களை, இந்த நோயைத் தாங்கும் கமேலியா சசாங்குவா வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டி வளர்ப்பது இதனால்தான். வெண்ணெய்ப்பழ மரத்தின் வேரழுகலுக்கும் இதே கிருமிதான் காரணம். ஆகவே மலைப்பக்கத்தில் வெண்ணெய்ப்பழமும் வளர்ப்பவர்கள், வாடிச் செத்த கமேலியாவின் மண்ணை எடுத்து அந்த மரத்துக்கு அணைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும்

மேலே சொன்ன மூன்று நோய்களுமே பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கும் செடியோடு வீட்டுக்குள் வருகின்றன. அதனால் வாங்குமிடத்தில் கூச்சப்படாதீர்கள்.

பூத்த செடியாகப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். தொட்டியின் மேல்மண்ணைப் பாருங்கள். பழைய பூவும் மொட்டும் அங்கே மக்கிக் கிடந்தால் அந்தச் செடி வேண்டாம். கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். நுனி கருகிய இலை, இலை உதிர்ந்த கிளை இருந்தால் வேண்டாம். இலையின் அடிப்புறத்தில் வெள்ளையும் பழுப்புமாகச் செதில் பூச்சி ஒட்டியிருந்தால், மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரியும், அதுவும் வேண்டாம். தண்டு மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்று விரலால் தோண்டிப் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தொட்டியின் மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக்கலவை நிரப்புங்கள். நிறம் தெரியும் மொட்டுகள் இருந்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். முதலாண்டுப் பூவை இழப்பது பெரிய இழப்பல்ல. உங்கள் பகுதியில் இதழ்க்கருகல் ஏற்கெனவே பரவியிருந்தால், இலையுதிர் காலத்திலேயே பூத்து முடித்துவிடும் சசாங்குவா ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். காளான்கள் வித்து விடும் பருவம் குளிரின் கடைசியும் வசந்தமும் என்பதால், அதற்கு முன்பே பூக்கும் செடி பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

இணையத்தில் நீலக் கமேலியா, கறுப்புக் கமேலியா என்று படம் போட்டு விதை விற்கிறார்கள். நீல நிறக் கமேலியா உலகில் இல்லை. வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, இவற்றின் கலப்புகள், அபூர்வமாகத் தென்சீனத்தையும் வியட்நாமையும் சேர்ந்த மஞ்சள் இனம். அவ்வளவே. விதை நிஜமாகவே கமேலியா விதையாக இருந்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், தாய்ச்செடியின் பூ அப்படியே வரவும் வராது. அந்தக் காசை வீணாக்காதீர்கள்.

அன்பாகப் போடும் விஷம்

நோய்கள் ஒரு பக்கம். நாமே கொல்வது இன்னொரு பக்கம். கமேலியா அமில மண்ணில் வாழும் செடி. மண்ணின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். நம் வீடுகளில் எந்தச் செடிக்கும் பாசத்தோடு போடும் முட்டை ஓட்டுத்தூளும் சாம்பலும் மண்ணின் அமிலத்தைக் குறைப்பவை. தக்காளிக்கும் முருங்கைக்கும் கொடுங்கள்; கமேலியாவுக்குத் தயவுசெய்து வேண்டாம். இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளிறினால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள்.

லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் மெல்ல மெல்லக் கமேலியாவின் மண்ணிலும் சேர்கிறது. கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள், அமில மண்ணில் வாழும் செடிகளுக்கான கலவையை எரிகேஷியஸ் காம்போஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் காம்போஸ்ட் உதவாது.

ஆழமாக நடுவதும் கொலைக்குச் சமம். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், அல்லது ஒரு விரல் மேலே. வேர் மேலாப்பில் படர்வது. ஆகவே அடியில் கொத்திக் கிளறாதீர்கள். மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கோடையின் கடைசியில் உரம் வைக்காதீர்கள். கவாத்துச் செய்வதானால் பூ முடிந்த உடனே செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மொட்டுகளையே வெட்டுவீர்கள்.

மலையிலும் சமவெளியிலும் இருப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளில் கமேலியா நன்றாக வளரும். அமில மண்ணும் இளங்குளிரும் அங்கே இயல்பாகவே இருக்கின்றன. அதனாலேயே அங்கிருப்பவர்கள் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுற்றிலும் இருப்பது தேயிலை, கமேலியாவின் சொந்த இனம். வெளியிலிருந்து வரும் நோய் மலைப் பயிரை என்ன செய்யும் என்பதை நம்மவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1869-ல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த அழிவின்மேல்தான் அங்கே தேயிலை எழுந்தது. பிறகு தேயிலைக்கும் சோதனை வந்தது. அசாமில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த கொப்புள நோய், 1946-ல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இன்றுவரை மழைக்காலத்தில் மலைத்தோட்டங்கள் அதற்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கின்றன. கமேலியாத் தளிரை ஊத வைக்கும் பூஞ்சையும் அதே எக்ஸோபேசிடியம் இனம்தான்.

எனவே, வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அக்காவோ பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றி ஒரு கமேலியாக் கன்று கொண்டுவருகிறேன் என்றால் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவர இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதியும், அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது. மண்ணோடு கொண்டுவருவதற்கு வழியே இல்லை. நாட்டுக்குள்ளேயே ஒட்டுக்கன்றோ பதியனோ நம்பகமான மலை நர்சரியில் வாங்குங்கள்.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் இருப்பவர்கள் ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். ஜப்பானிகா ரகங்களுக்குக் குளிர்ந்த பருவம் வேண்டும். நம் மே மாத வெயிலும் உப்புக் கலந்த போர் தண்ணீரும் அதை வாட்டிக் கொன்றுவிடும்.

இந்த வசந்தத்திலிருந்தே தொடங்குங்கள்

பூக்கும் பருவம் முழுவதும், ஒருநாள் விட்டு ஒருநாளாவது, செடியடியில் விழுந்ததையெல்லாம் பொறுக்குங்கள். செடியிலேயே பழுப்பேறி நிற்பவற்றையும் பறித்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் மேல்சருகை வாரி அகற்றிவிட்டு, பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் புதிய மரப்பட்டை மூடாக்குப் போடுங்கள். மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் கட்டிகளிலிருந்து வித்துகள் மேலே வருவதை அது குறைக்கும். செருப்பையும் கவாத்துக் கத்தரியையும் கழுவாமல் அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். வித்துகள் காற்றில் வருகின்றன, வேலி அவற்றுக்குத் தடையல்ல. ஒரு தெருவில் பத்து வீட்டில் கமேலியா இருந்தால் பத்து வீட்டாரும் பெருக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். புல்லிவட்டத்தைப் பிய்த்து அந்த வெள்ளை வளையத்தைக் காட்டுங்கள். நடக்க முடியாத முதியவர் வீடென்றால் அவர்கள் செடியடியையும் நீங்களே கூட்டிக் கொடுங்கள். மருந்தில்லாத நோய்க்குச் சுத்தம் ஒன்றுதான் மருந்து. அதை ஊரே சேர்ந்து செய்தால்தான் பலிக்கும்.